மெய்யாகவே பேய் வரும் கதை

"பேய் மெய்யா வாற கதை இருக்கோ, பிள்ளை?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்ட அம்மாவை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது. வெளிறிய நீலப் பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும், கக்கத்தில் இடுக்கிய கறுப்புக் குடை. நல்ல வெயில் நேரம். குடை கையில் இருந்தும் அதை விரிக்கத் தோன்றாமல் நடந்து வந்திருக்கிறார் என்பது முகத்து வியர்வையில் தெரிந்தது.

"பேய்க்கதை எண்டா பேய் வரும்தானே அன்ரி," என்றேன்.

"இல்லை. உவை ஏமாத்துவினம். முக்கால்வாசிப் புத்தகத்துக்குக் கொலுசுச் சத்தம் கேக்கும், மல்லிகைப்பூ மணக்கும். கடைசியில பாத்தா, சொத்துக்கு ஆசைப்பட்ட மச்சான்காரன் வெள்ளைச் சீலையைப் போத்துக்கொண்டு திரிஞ்சிருப்பான். அது எனக்கு வேண்டாம். செத்தவை மெய்யாவே திரும்பி வரவேணும்."

ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திறக்கவே இல்லை, நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். உதடு அசைய வாசித்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"மச்சான்காரன்," என்றார்.

கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது. ஒரு துப்பறியும் கதையை எழுத ஒரு மனிதர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார். இவர்கள் நின்ற நிலையில் அதைக் கெடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம் வரவில்லை. மருந்துக்கடையில் மருந்து முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புகிறவர்களின் முகம் அவருக்கு இருந்தது.

அவர் பெயர் பரமேஸ்வரி. ஒழுங்கையில் எல்லோருக்கும் பரமேஸ் அன்ரி.

கடற்பக்கத்துக் கடை

தொடரின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கடையை மறுபடி சொல்லவேண்டும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. பாதிக் கடையில் வாடகைப் புத்தகங்கள், மறுபாதியில் வீடியோ காசெட்டுகள். ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். உப்புக்காற்றில் புத்தகங்கள் எல்லாம் உப்பிப் பருத்திருக்கும். வீடியோ போடும் டெக்கைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசம் என் விரலில் எப்போதும் இருக்கும். வீட்டில் சோறு சாப்பிடும்போதும் மணக்கும்.

முதலாளி ஜிந்துப்பிட்டிக்காரர். அவருடைய தகப்பன் காலத்தில் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். சென்னையில் வெளியாகும் மர்ம நாவல்களையும் திகில் நாவல்களையும் பார்சலில் எடுப்பார். இந்திய டிவியில் ஓடும் தொடர்களை யாரோ பதிவுசெய்து அனுப்பும் காசெட்டுகளும் வரும். சவர்க்கார விளம்பரம், பற்பசை விளம்பரம் எல்லாம் நடுவில் அப்படியே இருக்கும். நாங்கள் அவற்றையும் பக்தியோடு பார்த்தோம்.

"நான் புத்தகம் படிக்கிறவன் இல்லம்மா. எத யாருக்குக் குடுக்கணும்னு நீ பாத்துக்க," என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆக, என் வேலை புத்தகம் எடுத்துக் கொடுப்பதல்ல, எது என்று சொல்லுவது. அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. அந்த ஒழுங்கையில் டொக்டருக்கு அடுத்தபடி மரியாதை எனக்குத்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கலியாணமான புதிதில் வருகிற பெண்களுக்குப் புருஷன் கொலைகாரனாக வரும் கதையைக் கொடுக்கமாட்டேன். லொட்ஜில் தங்கி விசாவுக்காகக் காத்திருக்கும் பெடியன்களுக்கு ஒரே இருப்பில் வாசிக்கக்கூடிய சின்னப் புத்தகம்தான். பெரிய நாவலைக் கொடுத்தால் ஏஜென்சிக்காரன் திடீரென்று கூப்பிட்டுவிடுவான், எங்கள் புத்தகமும் பெடியனோடு விமானம் ஏறிவிடும். என் கணக்கில் கனடாவிலும் சுவிஸிலும் அந்தக் கடைக்குக் கிளைகள் இருக்கின்றன.

இப்போதும் கேட்கிறார்கள். போனில், கலியாண வீட்டுப் பந்தியில், ஆஸ்பத்திரி வரிசையில்கூட. "அன்ரி, பாக்க ஒரு நல்ல திகில் சீரிஸ் சொல்லுங்கோவன்." கொலைக்கதை என்றால் உடனே சொல்லிவிடுவேன். பேய்க்கதை கேட்டால், கேட்பவரிடம் முதலில் ஒன்று விசாரிப்பேன்: "உங்கட வீட்டில எல்லாரும் வீட்டிலதானே இருக்கினம்?"

பலர் சிரிப்பார்கள். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று சிலர் நினைத்திருக்கவும் கூடும்.

அப்பாவின் விசாரணை

என் கட்சி அப்போது கொலைக்கதைக் கட்சி. அதற்குக் காரணம் அப்பா.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தவர். நீதிமன்றத்தைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா மீன்காரனைப் பற்றி முறைப்பாடு சொன்னால்கூட, "கண்டனியோ? கேட்டனியோ? இல்லாட்டி ஆரும் சொல்லக் கேட்டனியோ?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஆரும் சொல்லக் கேட்டது சாட்சி இல்லை என்று தள்ளப்படும். மீன்காரன் எங்கள் வீட்டில் எப்போதும் விடுதலையானான்.

எங்கள் தெருவில் கலவரத்தில் எரிந்த வீடு ஒன்று இருந்தது. தையல்காரர் ஒருவரின் வீடு. அவர் குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டார் என்றார்கள் சிலர். அவர் மட்டும் வெளியே வரவில்லை என்றார்கள் வேறு சிலர். கூரை இல்லாமல் கறுத்துக் கிடந்த அந்த வீட்டிலிருந்து பின்னேரங்களில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்பதாக ஒரு கதை. நானும் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்டேன். கடகடவென்று ஓடி, நூல் அறுந்ததுபோல் நின்றது. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கண்டனியோ?"

"இல்லை. கேட்டனான்."

அப்பா என்னைக் கையில் பிடித்து அந்த வீட்டுக்குள் கூட்டிப்போனார். கரியும் மூத்திரமும் மணத்தது. மூலையில் எரிந்து துருப்பிடித்த மெஷின் இருந்தது. அதன் மிதி பலகைக்குக் கீழே எலி கூடு கட்டியிருந்தது. "இந்தா உன்ர தையல்காரன்," என்றார் அப்பா. எலி எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. மிதி அசைந்தது, சக்கரம் கொஞ்சம் சுற்றியது.

அந்த எலியைக் கண்டபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் நான் பிறகு எல்லாக் கொலைக்கதைகளிலும் தேடினேன். கடைசிப் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்று, இன்னார்தான் செய்தார், இப்படித்தான் செய்தார் என்று சொல்லிவிடுவார். அந்த வருடங்களில் எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பேப்பரில், அடையாளம் தெரியாதவர்கள் என்று போடுவார்கள். அதோடு கதை முடிந்துவிடும். யார் என்று சொல்லுகிற புத்தகத்தை வாங்க அந்த ஒழுங்கையில் வரிசை நின்றதில் அதிசயம் இல்லை.

பரமேஸ் அன்ரியின் கட்சி வேறு என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.

மூடி வைத்த சோறு

விளங்கவைத்தவர் சிவலிங்கம் அண்ணை. எங்கள் கடைக்கு எதிரே இருந்த லொட்ஜின் மனேஜர். அன்ரி அங்கே மேல்மாடி அறையில் இருந்தார். புருஷன் காலமாகி, இருந்த ஒரே மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்தவர்.

மகன் பெயர் சுகந்தன். பாஸ்போட்டுக்கு எடுத்த படங்களை வாங்க ஒருநாள் பொரளைக்குப் போனான். படங்களை வாங்கிக்கொண்டு போனான் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. வான் வண்டி ஒன்றில் ஏற்றினார்கள் என்றார் ஒருவர். பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். ஏற்றியவர்கள் யூனிபோமில் இருந்தார்களா இல்லையா என்பதில்கூட ஒருவர் பேச்சு மற்றவரோடு ஒத்துவரவில்லை. அன்ரி ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. இங்கே இல்லை என்ற ஒரே பதில் எல்லா இடத்திலும் கிடைத்தது.

"ஒரு வருசம் கடந்திட்டுது தங்கச்சி," என்றார் சிவலிங்கம் அண்ணை. "ஐயரிட்டக் கேட்டனாங்கள். உடம்பு கிடைக்காட்டிலும் தர்ப்பையில உருவம் செய்து, முகத்துவாரத்தில வைச்சுக் காரியம் செய்யலாமாம். ஆத்துமா அலையாது எண்டார். மெல்லமாச் சொல்லிப் பாத்தன். மனுசி என்னைத் திண்டுபோடுற மாதிரிப் பாத்தா. உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ காரியம் செய்யச் சொல்லுறீர் எண்டு கேட்டா."

முகத்துவாரம் கொழும்பின் மறு அந்தம். ஆறு கடலில் விழும் இடம். எங்கள் ஆட்கள் செத்தவர்களைக் கரைக்கப் போவது அங்கேதான்.

அன்ரி தினமும் மத்தியானம் மகனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைப்பாராம். பின்னேரம் அதை ஒழுங்கையில் திரியும் நாய்க்குக் கொட்டுவார். லொட்ஜில் வேலைசெய்த பெண் ஒருதரம் தெரியாத்தனமாக அந்தச் சோற்றை மதிலில் காகத்துக்கு வைத்துவிட்டாள். காகத்துக்கு வைப்பது செத்துப்போனவர்களுக்கு. அன்ரி காகங்களைத் துரத்திவிட்டு, சோற்றை வழித்தெடுத்து, அந்தப் பெண்ணோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

இதைக் கேட்ட பிறகு அன்ரிக்குப் பேய்க்கதை கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்தமுறை வந்தபோது ஒரு குடும்ப நாவலை நீட்டினேன். சிரிப்பு வரும் கதை, நல்ல கதை.

"உதென்ன?" என்றார்.

"பேய்க்கதை வாசிச்சா மனம் இன்னும் குழம்பும் அன்ரி."

அவர் குடையைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சிவலிங்கம் சொல்லிப்போட்டான் போல. சரி, நான் ஒண்டு கேக்கிறன், சொல்லு. இந்தக் கதைகளில அநியாயமாச் செத்ததுகள் எல்லாம் என்ன செய்யுதுகள்?"

"திரும்பி வருதுகள்."

"ஆரிட்ட?"

"தெரிஞ்ச ஆக்களிட்ட. நியாயம் கேக்க."

"தெரியாத ஆக்களிட்டக் கூட வருதுகள் பிள்ளை. வீடு வாடகைக்கு எடுத்தவன், வழியில காரை நிப்பாட்டினவன், எல்லாரிட்டையும் வருதுகள். அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டு நடந்திருந்தா, அவன் என்னட்ட வராமல் இருப்பானோ? இண்டைவரைக்கும் வரேல்லை. கனவிலயும் வரேல்லை. அப்ப அவன் உயிரோட இருக்கிறான்."

இவ்வளவு நாளும் அவர் ஏன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பேய் பொய் என்றால் மகன் வராததில் அர்த்தம் இல்லை. பேய் மெய்யென்றால், அவன் வராததே அவன் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. மெய்யாகப் பேய் வரும் ஒவ்வொரு புத்தகமும் அந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்ச நாளைக்கு உயிரோடு வைத்திருந்தது.

அப்பா இதைக் கேட்டிருந்தால் இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருப்பார். ஓட்டை எனக்கும் தெரிந்தது. அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியாது. குடும்ப நாவலைத் திருப்பி வைத்துவிட்டு அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சல் வந்ததும் முதலில் அன்ரிக்காகத்தான் பிரிப்பேன். நானும் கடைசிப் பக்கம் பார்க்கிறவளாகிவிட்டேன். மச்சான்காரன்களை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினேன். கிணற்றிலிருந்து எழும்பி வந்த மருமகள், தண்டவாளத்தில் தன் தலையைத் தேடும் ஸ்டேஷன் மாஸ்டர், புகைப்படத்தில் மட்டும் தெரியும் தங்கை என்று மெய்ப்பேய்களைப் பொறுக்கி எடுத்தேன். கொலைக்கதைக் கட்சியிலிருந்து கொண்டு எதிர்க்கட்சிக்கு வேலை செய்தேன் என்று வையுங்கள்.

சென்றியில் ஒரு ரசிகன்

ஒரு ஞாயிறு லொட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்க ஏற்பாடாகியது. அந்த வாரம் வந்த காசெட் ஒன்றை நான் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே பிரபலமாக்கியிருந்தேன். பட்டப்பகலில் பேய் வரும் தொடர் அது. பேய் என்றால் இருட்டில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில், சமையல் வாசம் வரும் நேரத்தில், துணி காயும் முற்றத்தில் வருகிற பேய்க்கு இருக்கிற பயம் வேறு. இன்று யாராவது கேட்டாலும் நான் அதையே சொல்லுவேன். பகலில் பயமுறுத்தத் தெரிந்தவன்தான் நல்ல எழுத்தாளன்.

காசெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழியில் சென்றியில், ஆமிச் சோதனைச்சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். மீசை சரியாக அரும்பாத ஒரு ஆமிக்காரன் என் பையைக் கிளறிக் காசெட்டைத் தூக்கினான்.

"மேக்கே மொனவத?" இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"ஹொல்மன் கதாவக், மஹத்தயா." பேய்க்கதை என்றேன்.

"பயத?" பயமா என்றான்.

"டிக்கக்." கொஞ்சம்.

அவன் காசெட்டை உடனே தரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மாவுக்கும் இந்த மாதிரிக் கதைதான் விருப்பம் என்று சிங்களத்தில் சொன்னான். பிறகு துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு என்னைப் போகச் சொன்னான். அவனுடைய அம்மாவுக்கும் நான் ஒரு நல்ல கதை சொல்லியிருப்பேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம்

லொட்ஜின் கீழ்மாடி ஹோலில் ஜன்னல் சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். பெடியன்கள் நிலத்தில், பெண்கள் வாங்குப் பலகையில். நாங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த டெக் மேசையில் சூடேறி மணத்தது. குசினியிலிருந்து கருவாட்டுக் குழம்பின் வாசம். சிவலிங்கம் அண்ணை வெளியே போய் இரும்புக் கேற்றைச் சங்கிலியால் பூட்டிவிட்டு வந்தார். டிவியும் டெக்கும் உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று அவருக்குப் பயம். பூட்டைத் திறக்கும் திறப்பைச் சாரத்தில் செருகிக்கொண்டார். இதை நான் என் கண்ணால் கண்டேன்.

பரமேஸ் அன்ரி மேலே சோற்றை மூடி வைத்துவிட்டு இறங்கிவந்து வாங்கின் ஓரத்தில் இருந்தார். மடியில் நான் கொடுத்த புதுப் புத்தகம்.

கதையில் தீயில் செத்த மருமகள், மத்தியானம் மாமியார் தனியே இருக்கும்போது வீட்டுக்கு வருகிறாள். முகம் காட்டவில்லை. கதவை மட்டும் காட்டினார்கள். பழைய மரக்கதவு, பித்தளைக் குமிழ். மாமியார் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். ஹோலில் நாங்களும் மூச்சுவிடவில்லை.

தட்டும் சத்தம் கேட்டது.

டிவியில் மாமியார் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் அங்கிருந்து வரவில்லை என்று ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டோம். சிவலிங்கம் அண்ணை எழும்பி டெக்கில் பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினார். திரையில் அந்த மரக்கதவு நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி தட்டியது. எங்கள் கதவு. அவசரம் இல்லாமல், வீட்டு ஆள் தட்டுவதுபோல்.

அந்த நாட்களில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் கதவு தட்டப்பட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெடியன்களின் கைகள் அடையாள அட்டை வைத்திருந்த சேர்ட் பொக்கற்றுக்குப் போயின. ஒருவரும் எழும்பவில்லை. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

பரமேஸ் அன்ரி புத்தகத்தை வாங்கில் வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார்.

வெயில் உள்ளே பாய்ந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார். ஏதோ சொன்னார். குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. கொஞ்சம் நிறுத்தினார். மறுபடி சொன்னார். கடைக்காரனோடு கதைப்பதுபோல் சாதாரணமாக இருந்தது. பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார். கதவைச் சாத்தாமல் திரும்பினார். எங்கள் யாரையும் பார்க்காமல் படியேறி மேலே போய்விட்டார்.



பூட்டு

சிவலிங்கம் அண்ணைதான் முதலில் வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. இரும்புக் கேற்றில் சங்கிலி சுற்றியபடியே இருந்தது, பூட்டும் பூட்டியபடியே தொங்கியது. அவர் சாரத்தைத் தடவித் திறப்பை எடுத்துப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்க மதில்களிலும் போத்தல் ஓடு பதித்திருந்தது.

கொலைக்கதை வாசித்து வளர்ந்த எனக்குப் பூட்டிய இடத்துக்குள் ஒருவர் எப்படி நுழையலாம் என்பதற்குப் பல வழி தெரியும். எல்லா வழியையும் அந்த முற்றத்தில் நின்று யோசித்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. சமையல்காரப் பெண் உள்ளேதான் இருந்தாள். பெடியன்கள் அத்தனை பேரும் நிலத்தில் இருந்தார்கள். மீதிப் படத்தை யாரும் போடச் சொல்லவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கண்டனியோ?"

"இல்லை அப்பா."

"கேட்டனியோ?"

"ஓம். எல்லாரும் கேட்டம்."

"காத்தா இருக்கும். கடற்காத்து."

"காத்து கதவில அடிச்சா எப்பிடிக் கேக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும் அப்பா. இது தட்டினது."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். அவர் எலியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை. எழும்பிப் போய் ரேடியோவைப் போட்டார். செய்தி நேரம் ஆகியிருக்கவில்லை.

மதில்

திங்கட்கிழமை காலை டெக்கைத் திருப்பி எடுக்க லொட்ஜுக்குப் போனேன். பின்பக்கத்தில் காகங்கள் பெரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. குசினிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். சிவலிங்கம் அண்ணை அங்கே சுவரோடு சாய்ந்து நின்றார். என்னைக் கண்டதும் பேசாதே என்று கையைக் காட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

குசினி வாசலோரக் கட்டை மதிலில் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் வெள்ளைச் சோறு, பருப்பு, பொரித்த கத்தரிக்காய். காகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொத்தின. பரமேஸ் அன்ரி குளித்துத் தோய்ந்து ஈரத்தலையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துரத்தவில்லை.

"அன்ரி," என்றேன்.

"இரு பிள்ளை. இதுகள் திண்டு முடிக்கட்டும்."

முடியும்வரை நின்றோம். பிறகு அவர் இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்தார்.

"இதைக் கொண்டுபோ. இனி வேண்டாம்."

"வாசிச்சு முடிச்சிட்டீங்களோ?"

"பாதி. கடைசிப் பக்கமும் பாக்கேல்லை."

கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் அப்பாவின் மகள் நான், கேட்டுவிட்டேன்.

"கண்டனீங்களோ அன்ரி?"

"நான் கதவைத் திறக்க, முன்னால நிண்டவன்," என்றார். குரலில் நடுக்கம் இல்லை. "பொரளைக்குப் போன அண்டு போட்ட அதே சேர்ட். வா தம்பி, சோறு போட்டு வைச்சிருக்கிறன் எண்டன். உள்ளுக்கு வரேல்லை. செருப்பையும் கழட்டேல்லை. பசிக்கேல்லை அம்மா எண்டான்."

ஒரு காகம் திரும்பி வந்து வெறும் தட்டைக் கொத்தியது.

"என்ர பிள்ளை பசி தாங்கமாட்டான், பிள்ளை. பசிக்கேல்லை எண்டு அவன் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை."

தட்டை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். வழக்கமாக அதை மூடும் மற்றத் தட்டையும் கழுவினார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"முகத்துவாரத்துக்கு எந்த பஸ் எடுக்கவேணும்?"

காலி வீதியில் ஏறிப் புறக்கோட்டையில் மாறவேண்டும், அங்கே மட்டக்குளி பஸ்ஸைக் கேட்டு ஏறவேண்டும் என்று சொன்னேன். அன்ரி மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.